உங்களுக்குத் தெரியுமா? தறி சொந்தம், நூல் சொந்தமில்லை

கோயம்புத்தூரிலிருந்து திருச்சி சாலையில் கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் சூலூர். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பல்லடம் அந்தப் பக்கம் போய்விட்டது. கோவையோடு தங்கிய பகுதி சூலூர் வட்டம் ஆனது. வடக்கே அவினாசி சாலை, நடுவே திருச்சி சாலை, தெற்கே சுல்தான்பேட்டையின் தென்னந்தோப்புகள். இதற்குள்ளேயே நூல் மில், விசைத்தறி, வார்ப்பாலை, கோழிப்பண்ணை, பொறியியல் கல்லூரி, விமானப்படைத் தளம் எல்லாம் அடங்கிவிடும். இந்த வட்டாரத்தில் "வேலை இல்லீங்க" என்று யாரும் சொல்லிக் கேட்பது அரிது. "ஆளு கெடைக்கறதில்லீங்க" என்பதுதான் பேச்சு. அப்படியானால் வருமானத்துக்குக் குறைச்சல் இருக்கக் கூடாதே? இந்த வாரத் துணுக்குகள் முழுக்க அந்தக் கணக்குதான்.

★

தமிழ்நாட்டில் 2011-12-ல் கிராமத்தில் மாதம் 880 ரூபாய், நகரத்தில் 937 ரூபாய் செலவு செய்ய முடிந்த ஒருவர் அரசுக் கணக்கில் ஏழை இல்லை. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி போட்ட கோடு அது. நாளுக்கு ஏறக்குறைய 30 ரூபாய். கிராமத்தில் நான்கு பேர் குடும்பத்துக்கு 3,520 ரூபாய் இருந்தால் கோட்டுக்கு மேலே. அதற்கப்புறம் ரூபாயில் புதிதாகக் கோடு போட்டு அரசு அறிவிக்கவே இல்லை.

இப்போது புழக்கத்தில் இருப்பது நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு. கையில் எவ்வளவு பணம் வருகிறது என்று அது கேட்பதில்லை. பள்ளிக்குப் போனார்களா, கழிப்பறை இருக்கிறதா, சமையல் எதில், வீட்டில் கரண்ட் உண்டா, வங்கிக் கணக்கு உண்டா என்று கேட்கும். அதன்படி 2019-21-ல் தமிழ்நாட்டில் வறியவர்கள் 2.20 விழுக்காடு, இந்தியாவில் 14.96 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய எண்தான், சந்தேகமில்லை. ஆனால் சூலூர்ப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டில் கேஸ் அடுப்பு, கழிப்பறை, வங்கிக் கணக்கு மூன்றும் இருக்கும். அந்த வங்கிக் கணக்கில் கடன் தவணை பாக்கி எவ்வளவு என்று குறியீட்டில் கேள்வி இல்லை.

★

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது விசைத்தறி.

சோமனூர், கருமத்தம்பட்டி, பக்கத்து மாவட்டத்துப் பல்லடம், மங்கலம், சாமளாபுரம் என்று நீளும் இந்தப் பட்டையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தறிகள் ஓடுகின்றன. நெய்யப்படுவது பெரும்பாலும் காடா துணி. சாயமோ சலவையோ ஏறாமல், தறியிலிருந்து இறங்கியபடியே வெளியூர் போகும்.

எட்டுத் தறி வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தறிக்குடோன் அவருடையது. தறியும் மோட்டாரும் அவருடையவை. மின் இணைப்பு அவர் பெயரில், கடனும் அவர் பெயரில். ஆனால் தறியில் ஏறுகிற பாவு நூலும் ஊடை நூலும் அவருடையவை அல்ல, ஜவுளி உற்பத்தியாளருடையவை. அவர் பாவும் நூலும் கொடுப்பார், இவர் நெய்து துணியாகத் திருப்பிக் கொடுப்பார், மீட்டர் கணக்கில் கூலி. அந்தக் கூலியிலிருந்துதான் தறி ஓட்டும் ஆளுக்குச் சம்பளம், தார் போடும் பெண்ணுக்குக் கூலி, பாவு பிணைப்பவருக்குக் காசு, தேய்ந்துபோன நாடாவுக்கும் உதிரி பாகத்துக்கும் செலவு, வேன் வாடகை, கரண்ட் பில். மிச்சம் இருந்தால் வீட்டுக்கு. ஒரு மாதம் ஆர்டர் இல்லையென்றால் உற்பத்தியாளர் நூல் கொடுப்பதை நிறுத்துவார், அவ்வளவுதான். கடனுக்கான வட்டி நிற்காது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வியாபாரி வீடு வீடாக நூல் கொடுத்துத் துணி வாங்கிய முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. அங்கே அந்த முறையைப் பெரிய ஆலைகள் வந்து விழுங்கின. இங்கே மின்சார மோட்டாரும் அதுவும் சேர்ந்தே நடக்கின்றன.

★

அந்தக் கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள்? சட்டம் இல்லை. பேச்சுவார்த்தைதான். மாவட்ட ஆட்சியர் அல்லது அமைச்சர் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து, "சோமனூர் ரகத்துக்கு இவ்வளவு, பல்லடம் ரகத்துக்கு இவ்வளவு" என்று விழுக்காட்டில் முடிவு செய்வார்கள்.

2014-ல் ஒரு கூலி பேசினார்கள். போகப்போக அதையே குறைத்துக் கொடுத்தார்கள் என்பது தறிக்காரர்களின் நெடுநாள் குறை. 2021 நவம்பர் 24 அன்று சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும் மற்ற ரகங்களுக்கு 20 விழுக்காடும் உயர்வு என்று அறிவிப்பு வந்தது. அறிவித்த உயர்வு கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் போராடி, அறிவித்ததைவிடக் குறைவான உயர்வுக்குத்தான் சம்மதிக்க வேண்டியிருந்தது. 2025 மார்ச் 19-ல் மறுபடி தறி நின்றது. உண்ணாவிரதம் வரை போய், ஏப்ரலில் சோமனூர் ரகத்துக்கு 15, பல்லடம் ரகத்துக்கு 10 விழுக்காடு என்று முடிந்தது. இந்த முறை அவர்கள் உரக்கக் கேட்டது விழுக்காட்டை மட்டுமல்ல, "சட்டப் பாதுகாப்போடு கூலி கொடுங்க" என்று. என் கணிப்பில் முக்கியமான கோரிக்கை அதுதான். அது கிடைக்கவில்லை.

ஒரு மாதம் வேலைநிறுத்தம் என்றால் தறிக்காரருக்கு ஒரு மாத வருமானம் போச்சு. உற்பத்தியாளருக்கும் நட்டம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் நூலாவது கட்டுக் கட்டாக இருக்கும்.

★

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். 2016-ல் 750 யூனிட் ஆக்கப்பட்டது, 2023-ல் ஆயிரம் ஆனது. எவ்வளவு தாங்கும்? காகிதத்தில் ஒரு கணக்கு: ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கும். எட்டு மோட்டாருக்கு மணிக்கு 6 யூனிட். இரவு பகலாக ஓட்டினால் ஏழு நாளில் ஆயிரம் தீர்ந்துவிடும். நிஜத்தில் மோட்டார் எப்போதும் முழுச் சுமையில் ஓடாது, பாவு மாற்றும்போது தறி நிற்கும், ஆகவே இன்னும் சில நாள் கூடுதலாக வரும். சிறு தறிக்காரருக்கு இது நிச்சயமாகப் பெரிய உதவி. இருந்தும், 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தபோது இந்த வட்டாரத்தில் எழுந்த கூச்சலுக்குக் காரணம் இலவச யூனிட் தீர்ந்த பிறகு வரும் மீதி நாட்கள்தான்.

★

தறியின் கதைதான் கோழிக்கும்.

சுல்தான்பேட்டை, பல்லடம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் நீளமான கோழிக்கொட்டகை தெரியும். கொட்டகை விவசாயியுடையது. உள்ளே இருக்கும் கறிக்கோழி அவருடையதல்ல. ஒரு நாள் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் நிறுவனம் கொடுக்கும். ஆறு வாரம் போல வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் தென்னை நார்க்கழிவு, ராத்திரி விளக்குப் போட்டுக் காவல், குடும்பத்தின் உழைப்பு எல்லாம் விவசாயி கணக்கு.

உடுமலைப்பேட்டையில் 1984-ல் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய சுகுணா நிறுவனம் தொண்ணூறுகளில் இந்த ஒப்பந்த முறையைப் பெரிதாக்கியது. இன்று நாடு முழுக்க இதுதான் வழக்கம். நியாயமாகச் சொன்னால், கறிக்கோழி விலை திடீரென்று விழும்போது அந்த அடி விவசாயி மேல் நேராக விழாது. மழை பொய்த்த மானாவாரிக் காட்டில் சோளம் விதைத்தவருக்கு இந்த நிம்மதி கிடைத்ததில்லை. ஆனால் விலை ஏறும்போது? பண்ணைக் கொள்முதல் விலையைப் பல்லடத்தில் ஒரு குழு அன்றாடம் அறிவிக்கும். காலையில் பேப்பரில் அதைப் படிக்கும் விவசாயி, தன் கொட்டகையில் உள்ள கோழிக்கும் அந்த விலைக்கும் சம்பந்தமில்லை என்று மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

★

மூன்றாவதாக லேத் பட்டறை. பம்புசெட்டு, மோட்டார், வால்வு என்று கோவை செய்து அனுப்பும் பொருள்களின் உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் இங்கே அனேகம். லேத் சொந்தம், வார்ப்பு கம்பெனியிலிருந்து வரும், கடைந்து கொடுத்தால் ஜாப் ஆர்டர் கூலி. சிறு தொழிலுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை செய்து கொடுத்தவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. நேரம் கழித்துக் கொடுத்தால் கூட்டு வட்டி. சட்டத்தைக் காட்டி வட்டி கேட்கிற பட்டறைக்காரருக்கு அடுத்த ஆர்டர் யார் தருவார்கள் என்பது வேறு கேள்வி.

தறி, கோழி, லேத். மூன்றிலும் எந்திரமும் இடமும் கடனும் ஒருவர் பெயரில், சரக்கும் விலையும் இன்னொருவர் கையில். கொங்கு நாட்டில் "சொந்தத் தொழில்" என்று பெண் பார்க்கும்போது சொல்வார்களே, அதில் பாதி இதுதான்.

★

ஜி.டி. நாயுடு பிறந்த கலங்கல் கிராமம் சூலூரை ஒட்டித்தான் இருக்கிறது. பிறந்த நாள் 1893 மார்ச் 23. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகக் கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தவர். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை, பிரித்துப் போட்டுப் பார்த்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தார். 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் தயாரித்ததில் அவர் பங்கு பெரிது. சரக்கும் விலையும் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்த மனிதர். வருமான வரி மேல் கோபம் வந்தபோது, தான் செய்த பொருள்களைப் பொதுமக்கள் முன்னால் உடைத்தே காட்டினார்.

2025 அக்டோபரில் அவினாசி சாலையில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர். உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸில் இறங்கும். அதைத் தாண்டினால் சின்னியம்பாளையம், நீலாம்பூர் என்று சூலூர்ப் பக்கம் தொடங்கிவிடும்.

★

சின்னியம்பாளையம் என்றால் கோவைத் தொழிலாளர்களுக்கு நான்கு பெயர் நினைவுக்கு வரும். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள். பெண் தொழிலாளி ஒருவருக்கு நேர்ந்த கொடுமையைத் தொடர்ந்து நடந்த மோதலில், மில் தரப்பின் அடியாள் ஒருவர் இறந்துபோன வழக்கு அது. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் முன் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் செத்தார்கள். இன்று மில் வேலையில் உள்ள போனஸ், பி.எஃப்., எட்டு மணி நேரம் எதுவும் முதலாளி மனமிரங்கித் தந்ததல்ல.

அந்த ரங்கவிலாஸ் பிற்பாடு தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கையில் போனது. 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நின்ற கழகத்தின் கோவை ஆலைகள் அதன்பின் முழுமையாக ஓடவே இல்லை.

★

இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு தமிழ்நாட்டில் முதன்முதலில் வந்த ஊர் சென்னை அல்ல, கோவை. 1955 ஜனவரி. சூலூர்க்காரர்களுக்குச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்றால் பக்கத்து வீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கே இது. அந்த உச்சவரம்பு 2017 ஜனவரியில் வைத்தது.

தறி ஓட்டுபவருக்கு? பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்த குடோன் பொதுவாக இதற்குள் வராது. எட்டுத் தறிக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு, மூன்று.

★

முப்பது ஆண்டு மில்லில் உழைத்து ஓய்வு பெற்றவருக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியம் எவ்வளவு? பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் 2014 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை மாதம் 1,000 ரூபாய். முதியோர் உதவித்தொகையைவிடக் குறைவு! உழைத்ததற்கு ஆயிரம், ஒன்றும் இல்லாததற்கு அதைவிட அதிகம் என்று திண்ணையில் உட்கார்ந்து பேசும் பழைய மில்காரர்களிடம் யாரும் வாதாடி ஜெயிக்க முடியாது.

★

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அதில் நூல் மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் பெரிய பங்கு.

இதன் இருண்ட பக்கத்தின் பெயர் சுமங்கலித் திட்டம். தென் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மில் விடுதியில் தங்கவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால் அந்தத் தொகை போச்சு. 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் வெளியிட்ட ஆய்வறிக்கை இதை உலகச் சந்தை வரை கொண்டுபோனது. வெளிநாட்டுத் துணிக்கடைகள் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகுதான் இங்கே பலருக்கு இது ஒரு பிரச்சினை என்றே தெரிந்தது என்பது கசப்பு.

இன்னொரு பக்கமும் உண்டு. அரசூரில் ஆலை வைத்திருக்கும் கே.பி.ஆர். மில், விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து படிக்க வகுப்பு நடத்தி, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலம் பட்டம் வாங்க வைக்கிறது. மில்லுக்கு வந்த பிள்ளை பட்டதாரியாகத் திரும்பிப் போவது சின்ன விஷயமில்லை.

★

தறியில் வேலைக்குச் சேரும்போது முதலாளி தரும் முன்பணம் பரிசல்ல. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் என்ற இரு ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு கிராமங்களை ஒப்பிட்டு 2013-ல் எழுதினார்கள். ஒரு ஊரிலிருந்து தலித் இளைஞர்கள் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறிப் போனார்கள். ஊர்க் கவுண்டரின் தோட்டத்தை நம்பி இருக்க வேண்டிய நிலை தளர்ந்தது. தறி ஊரில் அப்படி நடக்கவில்லை. முன்பணம் வாங்கி, அது கழியுமுன் இன்னொரு முன்பணம் வாங்கி, அதே குடோனில் கட்டுண்டு கிடந்தார்கள். இரண்டு ஊரிலும் "தொழில் வளர்ச்சி" என்று மாவட்டக் குறிப்பேட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

குடோன் முதலாளியைக் கேட்டால், "முன்பணம் கொடுக்காட்டி ஆள் நிக்கறதில்லீங்க" என்பார். அதுவும் பொய்யல்ல. உற்பத்தியாளரிடம் அவர் கட்டுண்டு கிடக்கிறார், அவரிடம் ஓட்டுபவர்.

★

வெள்ளலூரில் 1842-ல் நூற்றுக்கணக்கான ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. நொய்யல் கரையில், சூலூருக்கு மேற்கே உள்ள ஊர். கல்மணியும் துணியும் கடல் தாண்டிப் போனதற்குக் கிடைத்த விலை. அந்தக் காசில் மணி தீட்டியவருக்கும் நெய்தவருக்கும் எத்தனை போனது என்பது காசில் பொறிக்கப்படவில்லை.

★

ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டிச் சந்தைப் பக்கம் போனால் இந்தி, ஒடியா, வங்காளி எல்லாம் காதில் விழும். ஜார்க்கண்டின் தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் ரயில் திருப்பூர், கோவை வழியாகத்தான் போகிறது. "தன்பாத் வண்டி" வந்தால் ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளுக்கு வேலை அதிகம். 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, ஹோலிக்கு ஊர் போகிற கூட்டத்தோடு பயந்து போன கூட்டமும் சேர்ந்துகொண்டது. கோவையில் அதிகாரிகள் மில்லுக்கும் பட்டறைக்கும் நேரில் போய் இந்தியில் தைரியம் சொன்னார்கள். முதலாளிகளும் கைகூப்பாத குறை. ஆள் இல்லையென்றால் மறுநாளே ஸ்பிண்டில் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட வாரம் அது.

★

பஞ்சு விற்கும் அளவு கண்டி. ஒரு கண்டி 356 கிலோ. 2022 மே மாதம் கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறியதும் துணி விற்காமல் தேங்க, தறிக்கு நூல் வருவது குறைந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 விழுக்காடாக்கியது; அதை ஒட்டி இந்தியா பஞ்சு இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியது. வாஷிங்டனில் போடும் கையெழுத்து சோமனூரில் எத்தனை ஷிஃப்ட் என்பதை முடிவு செய்யும் காலம்.

★

சூலூர் விமான தளத்துக்கு 1942 ஆகஸ்ட் 26 அன்று விடுதலைப் போராட்டக்காரர்கள் தீ வைத்தார்கள். "வெள்ளையனே வெளியேறு" சூடு தணியாத நேரம். அதே தளத்தில்தான் 1961-ல் இந்தியக் கடற்படையின் ஹன்ஸா விமானப் பிரிவு தொடங்கியது. பின்பு கோவாவுக்குப் போய்விட்டது. இன்று உள்நாட்டிலேயே வடிவமைத்த தேஜஸ் போர் விமானங்கள் இங்கே நிற்கின்றன. முதல் தேஜஸ் படைப்பிரிவு 2018-ல் பெங்களூரிலிருந்து இங்கு வந்தது. விமானங்களைப் பழுது பார்க்கும் பணிமனையில் சீருடை இல்லாத ஊழியர்களும் உண்டு. வட்டாரத்தில் நிரந்தர அரசுச் சம்பளம் கொடுக்கும் பெரிய இடம் அது.

2019-ல் தொடங்கிவைத்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு கண்ணி. சூலூர் வட்டத்து வாரப்பட்டியில் அதற்காகத் தொழிற்பூங்கா வருகிறது. விமான உறுப்புகள் கடைகிற வேலை வந்தால், லேத் பட்டறைக்காரர்களின் பிள்ளைகளுக்கு நல்லதுதான். வார்ப்பு யாருடையது என்ற பழைய கேள்வியை மட்டும் அங்கேயும் கேட்டுவைக்க வேண்டும்.

★

நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டில் 2025-26-க்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். தறியும் மில்லும் உள்ள ஊரில் அதற்கு யார் போகிறார்கள்? மில் கேட்டில் வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள்தான் பெரும்பாலும்.

அதிலும் ஒரு வேடிக்கை. அது ஊராட்சிகளுக்கு மட்டும் உள்ள திட்டம். சூலூர், இருகூர், பள்ளபாளையம், கண்ணம்பாளையம் எல்லாம் பேரூராட்சி. ஆகவே அங்கே வேலை கிடையாது. கருமத்தம்பட்டி 2021-ல் நகராட்சியே ஆகிவிட்டது. பேரூராட்சியும் பக்கத்து ஊராட்சியும் ஒட்டியே இருக்கும். ஒரே தெருவின் அந்தப் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வேலை அட்டை உண்டு, இந்தப் பக்கத்து ஆயா நகரவாசி. ஊர் வளர்ந்ததற்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொன்னால் அதிகாரிகள் கோபப்படுவார்கள்.

★

கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது, நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள். சுல்தான்பேட்டைப் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் இல்லாத புன்செய்க்காரருக்கும், தோப்பு வைத்தவருக்கும் ஏக்கர் ஏக்கர்தான்.

★

2022-23 குடும்பச் செலவு ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு சராசரி 5,310 ரூபாய், நகரத்தில் 7,630. நாட்டுச் சராசரியைவிட இரண்டுமே அதிகம். நான்கு பேர் குடும்பத்துக்குக் கிராமத்தில் 21,240. ஒரே ஆள் தறி ஓட்டி அந்தத் தொகையைத் தொடுவது கடினம். அதனால்தான் சூலூர்ப் பக்கத்து வீடுகளில் ஒருவர் தறிக்கு, ஒருவர் மில்லுக்கு, ஒருவர் பனியனுக்கு, வீட்டில் இருக்கும் பாட்டி தார் போட. "சராசரி" என்பது இங்கே நாலு சம்பளம்.

★

கடைசியாக நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011. அடுத்தது 2027. 2011 படிவத்தில் வேலை செய்பவர் எந்த வகை என்று ஒரு கேள்வி இருந்தது. நான்கு விடை: ஆள் வைத்து வேலை வாங்குபவர், கூலி அல்லது சம்பளத்துக்கு வேலை செய்பவர், தனியாகத் தொழில் செய்பவர், குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவர். அடுத்த கணக்கெடுப்பிலும் அதே கேள்வி வந்தால், நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவரும், தறி ஓட்ட இரண்டு ஆள் வைத்திருப்பவருமான அந்த எட்டுத் தறிக்காரரை முதல் வகையில்தான் எழுதுவார்கள்.